வீடு குளிர்ந்தால் பர்ஸ் நிறையுமா?

"இந்தத் தடவை உங்க வீட்டுக்கு எத்தனை யூனிட்?"

சித்திரை, வைகாசியில் பெண்கள் இரண்டு பேர் சந்தித்தால், காய்கறி விலைக்கு அடுத்தபடியாக வரும் பேச்சு இதுதான். ஒருத்தி 300 என்பாள், இன்னொருத்தி 700 என்பாள். 700காரி முகம் வாடிப் போகும். யூனிட் படி ஏற ஏற விலையும் ஏறும் கணக்கு நம் எல்லோருக்கும் அத்துப்படி. மளிகைக் கடையில் மூட்டையாக வாங்கினால் விலை குறையும். கரண்ட் மட்டும் அதிகம் வாங்க வாங்க விலை கூடும்!

இதற்காக அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. மலிவு விலையில் எல்.இ.டி. பல்பு, ஃப்ரிட்ஜின் மேல் நட்சத்திரம், வீடு கட்டுவதற்கே விதிமுறை, மொட்டை மாடிக்கு வெள்ளை பூசும் திட்டம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்திருக்கின்றன. இவற்றால் குடும்பத்துக்குக் காசு மிச்சமாகிறதா, மிச்சமானால் யாருக்கு ஆகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். நான் எஸ்.எஸ்.எல்.ஸி.யோடு நிறுத்தியவள். பெரிய பொருளாதாரப் படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் 20 வருஷமாக வீட்டு வரவு செலவு நோட்டு எழுதி வருகிறேன். அந்தப் படிப்பு போதும் என்று நினைக்கிறேன்.

பல்பு சொல்லும் பாடம்

முதலில் சுலபமான கணக்கு. பழைய குண்டு பல்பு 60 வாட். அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. தினம் 5 மணி நேரம் எரிந்தால் குண்டு பல்புக்கு மாதம் 9 யூனிட் ஆகும். எல்.இ.டி.க்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல்பிலேயே மாதம் 45 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம்.

இவ்வளவு லாபம் இருந்தும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாம் ஏன் வாங்கவில்லை? விலைதான் காரணம். கடையில் ஒரு பல்பு 400, 500 என்று சொன்னார்கள். மத்திய அரசு 2015 ஜனவரியில் ஒரு திட்டம் ஆரம்பித்தது. உஜாலா என்று பின்னால் பெயர் வைத்தார்கள். இதில் பெரிய மானியம் எதுவும் கிடையாது என்பதுதான் விசேஷம். அரசு நிறுவனம் ஒன்று கோடிக்கணக்கில் ஒரே இடத்தில் ஆர்டர் கொடுத்து, போட்டி டெண்டர் விட்டது. கல்யாணத்துக்கு நாம் நாலு கடையில் விலை விசாரித்து மொத்தமாக வாங்குகிறோமே, அதே கதைதான். 2014இல் அந்த நிறுவனம் ஒரு பல்புக்கு 310 ரூபாய் கொடுத்து வாங்கியது. 2016இல் அதே பல்பு 38 ரூபாய்க்கு வந்துவிட்டது! மக்களுக்கு 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நாடு முழுக்க 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் இப்படி விற்பனையாயின.

அந்த 70 ரூபாயை இரண்டே மாதத்தில் கரண்ட் மிச்சம் திருப்பிக் கொடுத்துவிடும். திட்டத்தில் வாங்காதவர்களுக்கும் லாபம்தான். கடை விலையும் தானாக இறங்கியது அல்லவா? குண்டு பல்பு செய்தவர்களுக்கு வியாபாரம் போனது, எல்.இ.டி. செய்தவர்களுக்கு வந்தது. மொத்தத்தில், அரசாங்கம் தலையிட்டதால் குடும்பத்துக்குச் சுத்தமான லாபம் வந்ததற்கு இந்தப் பல்பு நல்ல உதாரணம்.

நட்சத்திரத்தை எப்படிப் படிப்பது?

பி.இ.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய அரசு அமைப்பு, 2001ஆம் வருஷத்து எரிசக்திச் சிக்கனச் சட்டத்தின்படி 2002 மார்ச்சில் ஏற்பட்டது. 2006இல் நட்சத்திர லேபிளைக் கொண்டுவந்தது இவர்கள்தான். 2010 ஜனவரியிலிருந்து ஏ.ஸி.க்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுக்கும் அது கட்டாயமாகிவிட்டது. சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரியில்தான் கட்டாயமானது.

கடைக்காரர், "அஞ்சு ஸ்டார் எடுத்துக்கோங்கம்மா, பில்லே வராது" என்பார். அவசரப்படாதீர்கள். நட்சத்திரத்துக்குக் கீழே, வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சடித்திருக்கும். அதைப் படியுங்கள். ஏ.ஸி. லேபிளில் இருக்கும் அந்த எண், வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் போட்டது.

உதாரணத்துக்கு, ஒரு ஏ.ஸி.யில் 1,000 யூனிட், இன்னொன்றில் 750 யூனிட் என்று இருக்கிறது; இரண்டாவது 7,000 ரூபாய் விலை அதிகம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 250 யூனிட். 6 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 1,500 ரூபாய் மிச்சம். ஐந்து வருஷத்துக்குள் கூடுதல் பணம் திரும்பிவிடும். நல்ல பேரம்தான்.

ஆனால் கோடையில் இரண்டு மாதம், ராத்திரி 7 மணி நேரம் மட்டும் போடுகிற வீட்டில் என்ன ஆகும்? மொத்தமே 420 மணி நேரம்தான், ஏறக்குறைய கால் பங்கு. மிச்சமும் கால் பங்குதான், 400 ரூபாய்க்குள் நின்றுவிடும். 7,000 ரூபாய் திரும்ப 17, 18 வருஷம் ஆகும். அதுவரை ஏ.ஸி. இருக்குமா? ஆகவே நாள் முழுக்க, வருஷம் முழுக்க ஓடும் சாமானுக்கு நட்சத்திரம் பாருங்கள். ஃப்ரிட்ஜ் 24 மணி நேரமும் ஓடுகிறது, அதற்கு முதலிடம். அடுத்தது ஃபேன்.

ஃபேன் கணக்கைக் கேளுங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.ஸி. என்று இப்போது வருவது 30 வாட் சுமார். குழந்தை இருக்கும் வீட்டில் ஃபேன் 15 மணி நேரம் சுற்றாமல் இருக்குமா? மாதம் 20 யூனிட் மிச்சம், அதாவது 120 ரூபாய். 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினாலும் ஒரு வருஷத்தை ஒட்டி வந்துவிடும். பல்பு மாதிரியே ஒரு கோடி ஃபேன் கொடுக்கும் திட்டம் ஒன்றை 2023 நவம்பரில் மத்திய அரசு ஆரம்பித்தது, இந்தக் கணக்கை வைத்துத்தான்.

சுவருக்கும் கூரைக்கும் சட்டம்

சாமான் சரி, வீடே வெயிலை வாங்கி உள்ளே விட்டால் என்ன செய்வது? நம் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குக் கட்டை, செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்த தளம், அதற்கு மேல் தட்டு ஓடு இருந்தன. மே மாதத்திலும் உள்ளே நிம்மதியாகத் தூங்கலாம். இப்போது நாலு அங்குலம், ஐந்து அங்குலம் கான்கிரீட் போட்டு, அதோடு விட்டுவிடுகிறார்கள். பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து ராத்திரி பூராவும் நம் தலையில் கொட்டுகிறது.

இதற்கும் விதிமுறை வந்திருக்கிறது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கு 2007 மே மாதத்தில் வந்தது. குடியிருப்புகளுக்கு 2018 டிசம்பரில் 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் வந்தது. கூரை வழியாகவும் சுவர் வழியாகவும் எவ்வளவு சூடு உள்ளே வரலாம், ஜன்னல் எவ்வளவு திறந்திருக்க வேண்டும், வெளிச்சம் எவ்வளவு வர வேண்டும் என்றெல்லாம் அதில் அளவு சொல்லியிருக்கிறது. 2022இல் எரிசக்திச் சட்டத்தையே திருத்தி, பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் அதன் கீழ் கொண்டுவர வழி செய்தார்கள். ஆனால் சட்டம் போடுவது டில்லி, பிளான் அப்ரூவல் கொடுப்பது உள்ளூர். மாநிலமும் நகராட்சியும் கையில் எடுத்தால்தான் நடக்கும். 1,000 சதுர அடியில் கட்டும் நம்மைப் போன்றவர்கள் வாசலுக்கு அது வந்து சேர நாளாகும்.

கூரைக்கு என்று தனியாகத் திட்டம் போட்ட ஊர்களும் உண்டு. ஆமதாபாதில் 2010இல் அடித்த வெயிலில் ஏராளமானோர் இறந்து போனார்கள். அதன் பின் 2013இல் அந்த நகரம் வெப்பத் தடுப்புத் திட்டம் தீட்டியது. 2017இல் ஆயிரக்கணக்கான ஏழை வீடுகளின் கூரைக்கு வெள்ளை பூசினார்கள். வெள்ளைக் கூரையின் கீழே வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையும் என்கிறார்கள். தெலங்கானா 2023இல் மாநிலத்துக்கே குளிர்கூரைக் கொள்கை அறிவித்தது.

கூரை அவர்களுடையது, பில் நம்முடையது

இங்கேதான் ஒரு பெரிய சிக்கல். மதுரையில் நாங்கள் இருப்பது வாடகை வீடு, முதல் மாடி. எங்களுக்கு மேலே மொட்டை மாடி. வீட்டுக்காரப் பெரியம்மா கீழே இருக்கிறார்கள். மே மாதம் சாயந்திரம் ஆறு மணிக்கு எங்கள் சீலிங்கைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி இருக்கும். என் சின்ன நாத்தனார் பிரசவத்துக்குப் பிறகு கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ராத்திரி முழுக்க அழுகை. ஏர்கூலர் போட்டால் பில் பயம். பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் எழுந்து அணைத்துவிடுவார்.

கொத்தனாரை அழைத்து வந்து மாடியைக் காட்டினேன். "அக்கா, 500 சதுர அடி. நல்ல சுண்ணாம்பு ரெண்டு கோட்டு, பசை கலந்து அடிச்சாப் போதும். சுண்ணாம்பும் பசையும் 1,100, கூலி 1,300" என்றார். மொத்தம் 2,400 ரூபாய்.

பெரியம்மாவிடம் போனேன். "வேகறது நீங்க, பில் கட்டறது நீங்க. நான் எதுக்கும்மா செலவு பண்ணணும்?" என்று நேராகவே கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் மட்டும் போட்டால், அடுத்த வருஷம் காலி பண்ணச் சொன்னால் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துப் போக முடியுமா? அவர்கள் மட்டும் போட்டால், செலவை வாடகையில் ஏற்றுவார்கள். வாடகை வீடுகளில் இப்படி இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதால்தான், லாபம் கண்ணுக்குத் தெரிந்தும் வேலை நடப்பதில்லை. இது மதுரைக் கதை மட்டுமல்ல. உலகம் முழுக்க இந்தத் திட்டங்கள் இடறி விழும் இடம் இதுதான்.

நான் விடவில்லை. "பெரியம்மா, மழைக்கு முன்னாடி தளத்துல இருக்கிற சின்ன விரிசலையும் அடைச்சுடலாம். வெள்ளை அடிச்சா தளம் வெயில்ல விரிஞ்சு சுருங்கறதும் குறையும். வீடு உங்களுதுதானே?" என்றேன். கொஞ்சம் யோசித்தார்கள். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவாயிற்று. இரண்டு வருஷத்துக்கு வாடகை ஏற்றுவதில்லை, வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கும் வேலை என்னுடையது என்று பேசி, ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொண்டோம்.

பலன் என்ன? சீலிங் சூடு நன்றாகவே தணிந்தது. ஆனால் அந்தக் கோடையில் பில்லில் குறைந்தது 700 ரூபாய்தான். நான் போட்டது 1,200. பில் கணக்கில் மட்டும் பார்த்தால் முதல் வருஷம் 500 ரூபாய் கையை விட்டுப் போயிற்று. ஏன் இன்னும் குறையவில்லை? இப்போது கூலரை நடு ராத்திரியில் அணைப்பதில்லை. கூரை மிச்சம் பிடித்துக் கொடுத்த யூனிட்டில் ஒரு பகுதியை விடியும் வரை கூலர் சாப்பிட்டுவிட்டது. குழந்தை தூங்கியது, நாத்தனாரும் தூங்கினாள்.

மெக்ஸிகோ நாட்டு ஃப்ரிட்ஜ் கதை

இப்படி நடப்பது நம் வீட்டில் மட்டும் இல்லை. மெக்ஸிகோ அரசு 2009இல் ஒரு திட்டம் ஆரம்பித்தது. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட பழைய ஃப்ரிட்ஜையோ ஏ.ஸி.யையோ கொடுத்தால், புதிது வாங்க உதவி. 2012 வரை ஏறக்குறைய 19 லட்சம் சாமான்கள் மாறின. அப்புறம் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தவர்கள் 2014இல் முடிவைச் சொன்னார்கள். ஃப்ரிட்ஜ் மாற்றிய வீடுகளில் கரண்ட் குறைந்தது 8 சதவிகிதம்தான், எதிர்பார்த்ததில் கால் பங்கு. புது ஃப்ரிட்ஜ் முன்னதைவிடப் பெரிதாக, வசதி அதிகமாக இருந்தது ஒரு காரணம். ஏ.ஸி. மாற்றிய வீடுகளிலோ கரண்ட் கூடிவிட்டது! செலவு குறைவு என்றதும் அதிக நேரம் போட்டார்கள்.

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் வீட்டைக் குளிர் காற்று புகாதபடி அடைத்துக் கொடுக்கும் அரசுத் திட்டம் 1976 முதல் நடக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் 30,000க்கும் அதிகமான குடும்பங்களை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆராய்ச்சியில், வீட்டுக்குப் போட்ட செலவு, எரிபொருளில் மிச்சமானதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. இன்ஜினீயர் காகிதத்தில் போட்ட கணக்கு ஒன்று, வீட்டில் வந்த பில் ஒன்று.

இதைப் படித்துவிட்டு, "திட்டமெல்லாம் தண்டம்" என்று சொல்பவர்களும் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வசதியுள்ள வீட்டில் இன்னொரு அறைக்கும் ஏ.ஸி. ஓடினால் அது ஆடம்பரம். பயந்து பயந்து கூலரை அணைத்த வீட்டில் அது விடியும் வரை ஓடினால் அது ஆரோக்கியம். வேர்க்குருவுக்கு டாக்டர் ஃபீஸ், தூக்கமில்லாமல் மறுநாள் வேலைக்குப் போகாத லீவு, வெயிலில் மயங்கி விழும் மாமியார், இதெல்லாம் கரண்ட் பில்லில் அச்சாவதில்லை. வீட்டு நோட்டில் எழுதுகிறவளுக்குத்தான் தெரியும்.

அப்படியானால் லாபம் யாருக்கு?

அரசாங்கத்துக்கும் லாபம் உண்டு. சாயந்திரம் எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடும்போது தேவைப்படும் கரண்ட்தான் விலை மிக அதிகம். அந்த நேரத் தேவை குறைந்தால் புது மின் நிலையம் கட்டும் செலவு குறையும். கொத்தனார், பெயிண்டர், எலக்ட்ரீஷியன் போன்றவர்களுக்கும் வேலை கிடைக்கும்.

ஆனால் ஒன்று. சொந்தக் கூரையும் கையில் ரொக்கமும் இருப்பவர்களுக்கே இந்தத் திட்டங்கள் சுலபமாகக் கிட்டுகின்றன. 2024 பிப்ரவரியில் வந்த கூரை சோலார் திட்டத்தில், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். நல்லதுதான். கூரையே இல்லாத குடித்தனக்காரர் என்ன செய்வார்? பல்புத் திட்டம் ஜெயித்ததற்குக் காரணம், 70 ரூபாய் யாரிடமும் இருந்தது. மாட்டுவதற்கு வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. அடுத்து வரும் திட்டங்களும் அப்படி இருந்தால் நமக்கு உபயோகம்.

நம்மால் ஆகக்கூடியவை

* அதிக நேரம் ஓடும் சாமானை முதலில் மாற்றுங்கள். ஸ்டோர் ரூம் பல்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

* லேபிளில் வருஷத்தையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். ஏ.ஸி.க்கு 2022 ஜூலையில் மாற்றியபோது பழைய 5 ஸ்டார், 4 ஸ்டார் ஆகிவிட்டது. பழைய ஸ்டாக்கைப் புது விலைக்கு வாங்காதீர்கள்.

* ஏ.ஸி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவிகிதம் கரண்ட் மிச்சம். 24இல் வைத்து, ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் கைக்குழந்தைக்கும் இதம்.

* மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது மேல். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபின் திரை போட்டு என்ன பயன்?

* ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். புது ஃப்ரிட்ஜ் வாங்கினால் பழையதை விற்றுவிடுங்கள். அதையும் ஒரு மூலையில் ஓடவிட்டால் மிச்சம் எங்கே?

* மாடிக்குச் சுண்ணாம்பு மாசி, பங்குனியிலேயே அடித்துவிடுங்கள். மழையில் கரைந்து போகும். வருஷம் ஒரு தடவை தேவை. சுண்ணாம்பு நீற்றும்போது குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணில் பட்டால் ஆபத்து. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி டாக்டரிடம் ஓட வேண்டும்.

* வாடகை வீட்டில் இருப்பவர்கள், "சூடு தாங்கலை" என்று புலம்புவதைவிட, செலவு எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு, வீட்டுக்காரருக்கு என்ன லாபம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள். வாடகை விஷயத்தையும் அப்போதே பேசி எழுதி வைத்துவிடுங்கள்.

* சொந்த வீடு கட்டுகிறவர்கள், தரைக்கு விலை உயர்ந்த டைல்ஸ் பார்க்கும் முன் கூரைக்கு என்ன போடப் போகிறீர்கள் என்று இன்ஜினீயரைக் கேளுங்கள். கட்டும்போது சில ஆயிரம் ரூபாயில் முடிவது, கட்டியபின் இரட்டிப்பாகும்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஒரு நோட்டில் ஒவ்வொரு பில்லின் யூனிட்டையும் எழுதி வாருங்கள். போன கோடை எவ்வளவு, இந்தக் கோடை எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எது உங்கள் வீட்டுக்குப் பலன் தந்தது என்று தெரியும். பக்கத்திலேயே டாக்டர் செலவையும் எழுதுங்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள், சகோதரிகளே!